மூடாத பெட்டியும் மச்சாண்டார் முறையும்

1

போன சனிக்கிழமை மதியம் நடந்ததிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. வெளியே மழை பெய்கிறது. பெர்கனில் மழை பெய்கிறது என்று எழுதுவது கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறார்கள் என்று எழுதுவதைப் போல. யாருக்கும் அது செய்தியில்லை. ஆனாலும் எங்கேயாவது தொடங்கவேண்டுமே. நார்வேக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது, இனிமேல் எதுவும் நம்மை அதிரவைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி கணபதியிலிருந்து வந்தது.

கணபதி கோயமுத்தூரில் ஒரு பகுதி, நான் அங்கே பிறந்தவன். கீழே லேத் பட்டறை, மேலே வீடு. இங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் ஏக்கமெல்லாம் எனக்குக் கிடையாது, வாட்ஸாப்பில் ஊர் என்னை விட்டால்தானே ஏங்குவதற்கு! அந்தப் பட்டறையை இப்போது என் தம்பி கதிர்வேல் நடத்துகிறான். அவன் மனைவி கோகிலா ஆனைமலைப் பெண், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கணித ஆசிரியை.

நானும் கோகிலாவும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டதாக வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. அந்தக் கட்டுரைதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் உயிர். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எனக்கோ அடுத்த புதன்கிழமை ஓர் அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் சனிக்கிழமை கூப்பிட்டேன்.

2

அப்படி என்னதான் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் எனக்கு விழுந்த அடியும் புரியாது.

ஒரு காகிதத்தில் சில புள்ளிகள் வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி அம்புகள் போடுங்கள், சிலவற்றைச் சிவப்பில், சிலவற்றை நீலத்தில். விதி ஒன்றே ஒன்று. ஒரு சிவப்பு அம்பு, அடுத்து ஒரு நீல அம்பு என்று போய் ஓர் இடத்தை அடைந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து அதே இடத்துக்கு முதலில் நீலம், பிறகு சிவப்பு என்று போகிற ஒரு வழியை அதற்கு ஜோடியாகக் குறித்துவைக்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்று. ஜோடியில்லாமல் எதுவும் மிஞ்சக் கூடாது. இரண்டு வழியும் சேர்ந்தால் நாலு பக்கமுள்ள ஒரு கட்டம் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டுங்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒட்டி முடித்தால், வெறும் கோடுகளாக இருந்தது ஓர் உருவமாகிவிடும். ஒரு படத்திலிருந்து பந்து வரும், இன்னொன்றிலிருந்து உளுந்துவடையின் மேல்தோல் போல நடுவில் ஓட்டையுள்ள உருவம் வரும்.

பச்சை என்று மூன்றாவது நிறத்தையும் சேர்த்தால் ஆறு கட்டங்கள் கூடி ஒரு பெட்டியின் ஆறு சுவர்களாகும். பெட்டிக்குள் பஞ்சை அடைத்துவிடலாம். இப்படிப் புள்ளி, கோடு, துணி, பெட்டி என்று ஒட்டிக் கட்டுகிற உருவத்துக்கு இடத்தியல் வெளி என்று பெயர். அதே படத்திலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஒவ்வோர் அம்பையும் ஓர் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில்லாத எண் வரிசை ஒன்றை உள்ளே விட்டால் இடம் மாற்றி வெளியே தள்ளும். இந்த இயந்திரங்களை அடுத்தடுத்து ஓட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஒன்றோடொன்று கூட்டலாம். அந்த மொத்தக் கூட்டத்தைச் செயலி இயற்கணிதம் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தின் குணத்தை, துணி ஒட்டிக் கட்டிய உருவத்தின் ஓட்டைகள் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மூன்று நிறத்தில் ஒரு புது வகைப் படத்தை வரைந்து, அதன் வெளியில் இன்ன ஓட்டைகள் இருக்கின்றன, ஆகவே அதன் இயற்கணிதம் இப்படிப்பட்டது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அதுதான் நான்காம் தேற்றம். நான் எழுதியது.

3

கோகிலாவோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய கதையைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

எங்கள் பக்கத்தில் புருசனுடைய அண்ணனுக்கு மச்சாண்டார் என்று பெயர். மச்சாண்டார் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், அவர் முன்னால் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் எதிர்த்துப் பேசக் கூடாது. சொல்லவேண்டியதைப் புருசன் மூலமாகச் சொல்லியனுப்பவேண்டும். இப்போது எத்தனையோ வீடுகளில் இதெல்லாம் தேய்ந்து போய்விட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒரு விடுமுறையில் கணபதி வீட்டு ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதிர்வேல் சமையலறையிலிருந்து வந்து தலையைச் சொறிந்தான்.

"ஏனுங்ணா, கோகிலாவுக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமாமுங்க. சுத்தி வர்ற வழியே இல்லாத படமா இருந்தா, ஒட்டி முடிச்ச உருவம் சுருங்கிப் புள்ளியாயிருமுங்களான்னு கேக்கறா."

எனக்கு டீ புரையேறியது. "ஆகாது, ரெண்டு நிறத்துலயே பந்து வரும்னு சொல்லு" என்றேன். உள்ளே போனான், உடனே திரும்பி வந்தான்.

"அப்ப மூணு நிறத்துல என்னென்ன வருமுன்னு கேக்கறாளுங்க. அண்ணா, நானு பட்டறைக்குப் போகோணுமுங்க. ஆளுக காத்துட்டிருக்காங்க."

அப்படித்தான் தொடங்கியது. நான் பெர்கன் திரும்பியதும் சனிக்கிழமைதோறும் கணினியில் பேச ஏற்பாடு செய்தோம். எனக்கு மதியம், அவர்களுக்குச் சாயங்காலம். முதலில் கொஞ்ச நாள் கதிர்வேலும் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். இயற்கணிதம் என்ற சொல் வந்ததும் குறட்டை கேட்கும். பிறகு அவன் வருவதை விட்டுவிட்டான். திரையில் கரும்பலகையும் எழுதுகிற கையும் மட்டும் தெரியும், முகம் தெரியாது. நல்ல ஆசிரியை, பலகையைத்தான் காட்டுவாள் என்று மெச்சிக்கொண்டேன். ஒரு மடிக்கணினி வந்து மச்சாண்டார் முறையையே அடித்துப்போட்டுவிட்டது என்று இங்கே நண்பர்களிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

ஒருமுறை அவளை இங்கே ஒரு கருத்தரங்குக்கு அழைக்கப் பார்த்தேன். விசா விண்ணப்பத்தில் அழைப்பவருக்கும் வருபவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தது. உறவினர் என்று குறித்தால் குடும்பப் பெயர் ஏன் வேறு என்று கேள்வி. என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர், அவளுடைய கடைசிப் பெயர் என் தம்பியின் பெயர். இதை ஒரு நார்வே அதிகாரிக்குத் தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள், தெரியும். சக ஆய்வாளர் என்று குறித்தால் பிறகு ஏன் உங்கள் வீட்டில் தங்குகிறார் என்று கேள்வி. "இருக்கட்டுமுங்க, வேண்டாமுங்க" என்று கோகிலா சொன்னதும் விட்டுவிட்டேன்.

வந்த புதிதில் எனக்கும் இங்கே பேச்சு தகராறாகத்தான் இருந்தது. இவர்கள் மொழியில் 'ங்க' போட வழியில்லை. அது இல்லாமல் வாக்கியத்தை முடித்தால் யாரையோ அடித்துவிட்டதுபோல இருக்கும் எனக்கு. அதனால் தயவுசெய்து என்று பொருள்படும் 'வேர் ஸோ ஸ்னில்' என்ற தொடரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒட்டினேன். உண்மையில் அது கெஞ்சுகிற தொனி என்று தெரியாது. ரொட்டிக் கடையில் ஒரு பெண் என் பரிதாபம் தாங்காமல் பன் ஒன்றை இலவசமாகக் கொடுத்தாள். இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. வகுப்பில் மாணவர்கள் கையைக்கூடத் தூக்காமல் "அது தவறு" என்கிறார்கள், நானும் "ஆமாம்" என்று அழித்துவிட்டு மேலே போகிறேன்.

என் மகள் மித்ராவுக்குத் தொடக்கத்திலிருந்தே அந்தச் சிரமம் இல்லை. இங்கே பிறந்தவள், இருபது வயது, என்னை நீ என்றுதான் சொல்வாள். திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டேன். இந்தக் கோடை விடுமுறைக்குக் கணபதிக்குப் போயிருக்கிறாள். போன சில வாரங்களிலேயே 'ங்க' நன்றாகத் தொற்றிக்கொண்டது, தெரு நாயையும் "வாங்க" என்கிறாளாம். எனக்கு மட்டும் இன்னும் நீதான்.

4

சனிக்கிழமை திரையில் வழக்கம்போலக் கரும்பலகை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வாழ்த்துகள் அம்மணி! புதன்கிழமை மேடையில ஒன் பேரைத்தான் மொதல்ல சொல்லப்போறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள் கோகிலா.  "அந்த நாலாவது தேற்றத்த இன்னொருக்கா பாத்துரலாமுங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு அம்மணி. நடுவர்களும் பாத்தாச்சு. இன்னைக்கு அல்வா சாப்பிடற நாளு."

"சரிங்க."

அப்போது மித்ராவின் குரல் குறுக்கே வந்தது. "சித்தி, நீங்க எதுக்கு எப்பப் பாத்தாலும் நின்னுட்டே பேசறீங்க? கால் வலிக்காதா? அப்பா, ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான். நீ போனதுக்கப்பறம்தான் சித்தி உக்கார்றாங்க. நீயே பாரு."

"கண்ணு, வேண்டாம்" என்று கோகிலா சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை சுழன்றது.

மடிக்கணினியை பீரோவின் மேல்தட்டில், ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பலகை ஓரமாகக் கோகிலா சுண்ணக்கட்டியோடு நின்றாள். பக்கத்தில் நாற்காலி இருந்தது, அதன்மேல் திருத்திய விடைத்தாள் கட்டு. அவள் காலையிலிருந்து கல்லூரியில் நின்று பாடம் நடத்திவிட்டு வந்தவள். நான் இங்கே சோபாவில் காலை நீட்டி, காபியை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு மணி நேரம்கூட விடாமல் பேசிய நாட்கள் உண்டு. அத்தனை சனிக்கிழமையும் நின்றிருக்கிறாள்!  என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்து நின்றேன். அதை அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, என் கேமராவில் என் வயிறுதான் தெரிந்திருக்கும்.

"உக்காரு அம்மணி."

"இருக்கட்டுமுங்க. பழகிப்போச்சுங்க."

"மொதல்ல உக்காரு!"

"பரவால்லீங்க."

மித்ராவுக்கு இந்த உபசாரம் எதுவும் புரியவில்லை. "சித்தி, அந்தப் பெட்டி விசயத்த அப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"என்ன பெட்டி?" என்றேன்.

"உங்க ரெண்டு பேர் கட்டுரை தப்புன்னு சித்தி சித்தப்பாகிட்ட சொன்னாங்களே. நானும் சோறு சாப்பிட்டுட்டு அங்கதான் இருந்தேன். எப்பவோ சொல்லியாச்சே, உனக்குத் தெரியாதா?"

 கோகிலா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5

"எங்க தப்பு? காட்டு" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே பேசினாள். "செவப்பு, நீலம், பச்சைன்னு போற வழி ஒண்ண எடுத்துக்கறேனுங்க. அதைப் பச்சை, நீலம், செவப்புன்னு தலைகீழா மாத்தோணுமுங்க. மொதல்ல செவப்பையும் நீலத்தையும் மாத்த ஆரம்பிச்சா, மூணு மாத்துல போய்ச் சேர்றமுங்க. இல்லீன்னா நீலத்தையும் பச்சையையும் மொதல்ல மாத்தலாம், அதுவும் மூணு மாத்துதானுங்க. இந்தப் பக்கம் மூணு செவுரு, அந்தப் பக்கம் மூணு செவுரு. ரெண்டும் ஒரே வழியில போய் முடிஞ்சாத்தானுங்க பெட்டி மூடும்."

"முடியுமே. எளிதில் சரிபார்க்கலாம்னு நானே எழுதியிருக்கனே."

"எழுதியிருக்கீங்க" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "நான் சரிபாத்தேனுங்க. முக்காவாசி எடத்துல மூடுதுங்க. செவப்புல ரெண்டு கண்ணி இருக்கற புள்ளி இருக்குதுங்களே, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்ற அம்பு ரெண்டு, அங்க மூடறதில்லீங்க. இந்தப் பக்கமா போனா மொதல் கண்ணியில முடியுது. அந்தப் பக்கமா போனா ரெண்டாவதுல முடியுது."

நான் விடவில்லை. ஜோடியை மாற்றிப் போடு என்றேன், போட்டாள், வேறோர் இடத்தில் திறந்துகொண்டது. பச்சையைத் திருப்பு என்றேன். "திருப்பிப் பாத்தேனுங்க, ஆகறதில்லீங்க." அந்தப் புள்ளியையே தூக்கிவிடலாம் என்றேன். "அப்ப ஓட்டையே இல்லாமப் போயிருதுங்களே." ஒவ்வொரு 'ங்க'வும் என் கையிலிருந்து ஒவ்வொரு பிடியாகப் பறித்துக்கொண்டு போனது. இரண்டிரண்டு நிறமாகப் பார்த்தால் எங்கள் படத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. அடைக்கப் பெட்டி இல்லை, பெட்டி இல்லாததால் அந்த வெளி இல்லை, நாங்கள் குணம் சொன்ன இயற்கணிதமும் இல்லை. இல்லாத ஓர் உருவத்துக்கு நான் ஓட்டைகளை எண்ணியிருக்கிறேன்!

கதிர்வேலைக் கூப்பிடச் சொன்னேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பட்டறையிலிருந்து மேலே வந்தான்.

"சொல்லுங்ணா."

"கோகிலா சொன்னத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"பெட்டி மூடலைன்னாளே, அதுங்களா? நடுவருக நல்லா எழுதியிருக்காங்கன்னு நீங்க அன்னைக்குத்தானுங்ணா போன்ல அவ்வளவு சந்தோசமா பேசுனீங்க. தனியா வேற கெடக்கறீங்க அந்த மழைக்குள்ள. எதுக்கு மனசக் கெடுக்கறதுன்னு உட்டுப்போட்டனுங்க. பட்டறையில மூடி பொருந்தலைன்னா அரம் போட்டுத் தேச்சுருவமுங்க. அதுல அப்படியொண்ணும் பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுடா!" என்று கத்தினேன். கதிர்வேல் கோகிலாவைப் பார்த்தான். "அவ்வளவு பெரிய விசயம்னு சொல்லவே இல்லியே நீ" என்றான். "தெனமும் சொன்னனுங்க. புதன்கிழமைக்குள்ள சொல்லிப்போடுங்கன்னு நேத்துக் காத்தாலகூடச் சொன்னனுங்க" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு அவளுடைய ஆய்வேடு நினைவுக்கு வந்தது.  ஒரு மாதத்தில் கொடுக்கவேண்டும், உயிரான அத்தியாயமே பொய்.

"அந்த அத்தியாயத்த அப்பவே எடுத்துப்போட்டேனுங்க" என்றாள் கோகிலா. "எந்தப் பெட்டி மூடும், எது மூடாதுன்னு கண்டுபிடிக்க ஒரு நிபந்தனை எழுதியிருக்கேனுங்க. கைடுகிட்டயும் காட்டிட்டேனுங்க. சரியா இருக்குதுன்னுட்டாங்க."

ஆக அவள் தன் வீட்டைக் காலி செய்து சாமான்களோடு பத்திரமாக வெளியே போய்விட்டாள். இடிகிற வீட்டுக்குள் அல்வா தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். கோபப்படலாம் என்று பார்த்தேன். யார்மேல் படுவது என்று தெரியவில்லை.

6

"சரி, விடு" என்றேன் கடைசியில். "இன்னைக்கே சஞ்சிகைக்கு எழுதறேன், அச்சுக்கு அனுப்பாதீங்கன்னு. புதன்கிழமை பேச்சையும் மாத்திக்கறேன்."

அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நேத்தே எழுதிப்போட்டேனுங்க."

"யாருக்கு?"

"சஞ்சிகை ஆசிரியருக்குங்க. நெறுத்தி வைக்கறோம்னு பதிலும் வந்துருச்சுங்க. உங்களுக்கும் நகல் போட்டிருந்தேனுங்க. பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை முழுதும் வாழ்த்துச் சொல்கிறவர்களின் மின்னஞ்சல்களைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடையதும் வாழ்த்துத்தான் என்று பிறகு படிக்க ஒதுக்கியிருந்தேன்.  முகம் தெரியாத யாரோ ஓர் ஆசிரியருக்கு எழுத முடிந்திருக்கிறது, சனிக்கிழமைதோறும் பேசுகிற என்னிடம் சொல்ல முடியவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இங்கிலீசுல எழுதறதுக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றாள். "உங்ககிட்டத்தான் வாய் வல்லீங்க."

கதிர்வேல் மெல்ல நழுவிப் பட்டறைக்கு இறங்கிவிட்டான். மித்ரா திரையின் ஓரத்தில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள் கோகிலா. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எந்தத் தேற்றம், ஆரு எழுதுனதுன்னு அதுல சொல்ல வேண்டியிருந்துச்சுங்க. உங்க பேர எழுதிப்போட்டேன். மொட்டையா எழுதிப்போட்டேனுங்க. அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோணுமுங்க."

மச்சாண்டார் பெயரை அவள் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. என்னுடைய பல வருட வேலையைக் குழி தோண்டிப் புதைத்ததற்கு அவள் வருத்தப்படவில்லை, வருத்தப்படவும் தேவையில்லை. என் பெயரை எழுதியதற்குக் கண் கலங்குகிறாள்.

"ஏன்ப்பா, உன் பேரு கெட்ட வார்த்தையா?" என்று மித்ரா கேட்டாள்.

அவளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழைப்பை முடித்துவிட்டு அந்த மின்னஞ்சலைத் தேடித் திறந்தேன். சின்ன மின்னஞ்சல்தான். நான்காம் தேற்றம் சிவராஜ் எழுதியது, அது தவறு, மூன்று நிறங்களும் சேருமிடத்தில் பெட்டி மூடவில்லை, காரணத்தை இணைத்திருக்கிறேன், அச்சை நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் இவ்வளவுதான் இருந்தது. அதில் மரியாதைச் சொல் எதுவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இணைத்திருந்ததையும் திறந்து, எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்காதா என்று சாயங்காலம்வரை வரிவரியாகத் தேடினேன். ஒரு பிழையும் இல்லை.